குடிக்காதவனின் கணையம்

காரையூரைத் தாண்டியதும் ஒரு திருப்பம் வரும். வலி எனக்கு அங்கேதான் வந்தது. வண்டி நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தொப்புளுக்கு மேலே யாரோ கையை உள்ளே விட்டு முறுக்குவது மாதிரி ஆரம்பித்து, ஊடுருவி முதுகுக்குப் போய்விட்டது. வண்டியை ஓரங்கட்டி ஹேண்ட்பிரேக் போட்டது நினைவிருக்கிறது. இறங்கி ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்ததும் நினைவிருக்கிறது. பிள்ளைகள் அத்தனை பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த வம்புக்கெல்லாம் அந்த ஜன்னல்கள்தான் ஆரம்பம்.

நான் கருப்பையா. பொன்னமராவதிப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேன் டிரைவர். சும்மா உட்காரச் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் பரிமாறப் போய்விடுகிற ஆள். அப்படிப்பட்டவனைப் படுக்கையில் கட்டிப் போட்டது இந்த வியாதி. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்கு வந்தது யாருக்கும் வரலாம். அதிலும் அக்கறையாகக் கவனித்துக்கொள்கிற வீட்டில் சீக்கிரமே வரும்.

வண்டியில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாம்மா பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு வேறு டிரைவரை வரவழைத்தார். என்னை ஓர் ஆட்டோவில் பொன்னமராவதிக்குக் கொண்டுபோனார்கள். வாய்வு என்று ஊசி போட்டுப் பார்த்தார்கள், கேட்கவில்லை. நெஞ்சு வலியோ என்று இ.சி.ஜி. எடுத்தார்கள், இதயம் நன்றாக இருந்தது. உடனே புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் என் மனைவி வளர்மதி வந்துவிட்டாள். அவளுடைய அண்ணன் சேகர்தான் காரை ஓட்டினார். வழியில் ஒவ்வொரு வேகத்தடையும் என் வயிற்றுக்குள் ஏறி இறங்கியது.

அந்தத் தனியார் மருத்துவமனையில் ஒரு சின்ன டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"குடிப்பீங்களா?"

"இல்ல சார்."

"எப்பவாவது?"

"இல்ல சார்."

"கல்யாணம் காட்சில, கறி விருந்துல?"

"சார், நான் ஸ்கூல் வண்டி ஓட்டுறேன்."

அவர் எழுதிக்கொண்டார். அவர் பேரில் குற்றமில்லை, கேட்க வேண்டியதைக் கேட்டார். ஆனால் பக்கத்தில் வளர்மதியும் மச்சான் சேகரும் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டாம் தடவை கேட்டபோதே மச்சான் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ரத்தப் பரிசோதனையில் லிபேஸ் என்ற ஒன்று எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அது கணையத்தில் சுரக்கும் செரிமான நீரில் இருக்கிற பொருள். கணையம் எங்கே இருக்கிறது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, மாவிலை நீளத்துக்குக் குறுக்கே கிடக்கிறதாம். அது சுரக்கும் நீர் குடலுக்குள் போன பிறகுதான் வேலையைக் காட்ட வேண்டும். ஏதாவது ஒரு காரணத்தால் உள்ளேயே வேலையைத் தொடங்கிவிட்டால், கணையம் தன்னைத்தானே செரிக்க ஆரம்பித்துவிடும். வீங்கிவிடும். மோசமானால் அழுகும், மற்ற உறுப்புகளையும் இழுத்துக்கொண்டு போகும். இதற்குப் பெயர் கணைய அழற்சி. இதை எனக்குச் சொன்னவர் வயிற்று நோய்களைப் பார்க்கும் டாக்டரம்மா. வேகமாகப் பேசுவார், ஆனால் புரியும்படி பேசுவார்.

"ஏன் வந்துச்சுன்னு கண்டுபிடிச்சாத்தான் திரும்ப வராமத் தடுக்க முடியும். நம்ம பக்கத்துல பெரும்பாலும் ரெண்டு காரணம். ஒண்ணு பித்தப்பைக் கல்லு. அது நழுவி வந்து குழாயை அடைச்சுக்கும். இன்னொண்ணு குடி. இதுக்கு அப்பறம்தான் மத்தது. ரத்தத்துல கொழுப்பு ரொம்ப ஏறுறது, சில மருந்து, அடிபடுறது, அப்படின்னு வரிசையா இருக்கு. மொதல்ல கல்லு இருக்கான்னு பாப்போம்."

கல் இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தது அப்போதுதான்.

முதலில் வயிற்று ஸ்கேன். குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கருவியை உருட்டினார்கள். அமுக்கிய இடமெல்லாம் உயிர் போனது. "பித்தப்பை சுத்தமா இருக்கு, கல்லு இல்ல. கணையம் தெரியல, வாயு மறைக்குது. கிட்னியில பொடிப்பொடியாக் கல்லு இருக்கு, அது பெரிசா ஒண்ணும் இல்ல," என்றார் ஸ்கேன் பார்த்தவர். இந்த ஸ்கேன் ஒலியை அனுப்பி எதிரொலியில் படம் பிடிப்பது. குடலில் காற்று நிறைந்திருந்தால் ஒலி அதைத் தாண்டாது. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க அது போதும், பின்னால் ஒளிந்திருக்கும் கணையத்தைப் பார்க்கப் பல நேரம் போதாது. கல் இல்லை என்றதும் வளர்மதி கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குத்தான் பகீரென்றது.

வாய் வழியாக ஒன்றும் கூடாது, தண்ணீர்கூடக் கூடாது என்றார்கள். கையில் குளுக்கோஸ் பாட்டில், மூக்கில் ஒரு குழாய். உதடு காய்ந்து வெடித்தது. வளர்மதி பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றியெடுப்பாள். என் முன்னால் அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. பசித்தால் மாடிப்படிக்குப் போய் நின்றுகொண்டே இட்லியை விழுங்கிவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வருவாள். இட்லி வாசம் எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று முந்தானையில் வாயைத் துடைத்துத் துடைத்து உதடே சிவந்துபோயிருந்தது. மச்சான் சேகர் காலையில் வந்து எனக்குத் தலை சீவிவிடுவார். பேச மாட்டார், சீவிவிடுவார்.

படுக்கையில் இருப்புக்கொள்ளவில்லை. நிமிர்ந்து படுத்தால் வலி, ஒருக்களித்தால் குழாய் இழுக்கும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. குளுக்கோஸ் தாங்கியை உருட்டிக்கொண்டு வராண்டாவில் நடப்பேன். "டிரைவரண்ணே, வண்டியக் கொண்டுபோய் ஸ்டாண்டுல விடுங்க," என்று நர்ஸ் விரட்டுவார். சரியாகப் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு வலது கால் தானாக ஆடும். இந்நேரம் யார் ஓட்டுகிறார்கள், அந்தக் கண்மாய்க்கரை வளைவில் மெதுவாகப் போகிறார்களா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

பக்கத்துப் படுக்கையில் கீரனூர்க்காரர் ஒருவர். அவருக்கும் கணையம்தான், குடியால் வந்தது, அவரே மறைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் உறவு கொண்டாடிவிட்டார்.

"அண்ணனுக்கு எந்தக் கடை?"

"நான் குடிக்கிறதில்லீங்க."

"நானும் அப்படித்தான் சொன்னேன், மொத ரெண்டு நாளு," என்றார் பிரியமாக.

வீக்கம் தெரிய நாளாகும் என்பதால் சி.டி. ஸ்கேனைச் சற்றுத் தள்ளி வைத்திருந்தார்கள். வலி வந்த உடனே எடுத்தால் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது படத்தில் சரியாக விழாதாம். இரண்டு மூன்று நாள் போனால்தான் எந்தப் பகுதிக்கு ரத்தம் போகிறது, எது செத்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும். பெரிய வளையம் ஒன்றுக்குள் படுக்கையோடு தள்ளினார்கள். நரம்பு வழியாக ஒரு சாயமருந்தை ஏற்றினார்கள். தொண்டையில் தொடங்கி அடிவயிறு வரைக்கும் குப்பென்று சூடு பரவியது. வேட்டியை நனைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்படித்தான் தோன்றும், ஒன்றும் நடந்திருக்காது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், இருந்தாலும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கணையம் வீங்கியிருக்கிறது, சுற்றிலும் நீர் கோத்திருக்கிறது, அழுகல் இல்லை என்று முடிவு வந்தது. உயிருக்கு இனி அவ்வளவு பயமில்லை என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு வளர்மதி என் காலடியில் உட்கார்ந்து அழுதாள், நானும் அழுதேன்.

உயிர்ப் பயம் போனதும் மானப் பயம் வந்தது.

பித்தக்குழாயில் சின்னக் கல் ஏதாவது ஒளிந்திருக்கலாம் என்று காந்த ஸ்கேனும் எடுத்தார்கள். உடம்பில் இரும்பு, வெள்ளி எதுவும் இருக்கக் கூடாது. அரைஞாண் கயிற்றில் கிடந்த தாயத்தை வளர்மதி வாங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டாள். குழாய் மாதிரி ஒரு சந்துக்குள் படுக்க வைத்தார்கள். தகரக் கொட்டகையில் கல் விழுகிற சத்தம். மூச்சை இழு, அடக்கு, விடு என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. இதில் ஊசியில்லாமலே பித்தக்குழாயும் கணையக்குழாயும் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும், கல் இருந்தால் கறுப்புப் புள்ளியாக விழும். ஒரு புள்ளியாவது இருக்கட்டும் என்று எங்கள் குலசாமியிடம் மன்றாடினேன். இல்லை. ரத்தத்தில் கொழுப்பும் சரியாக இருந்தது. ஒவ்வொரு படமும் சுத்தமாக வரவர என் பெயர் அழுக்காகிக்கொண்டே போனது.

ஊரில் அதற்குள் கதை கட்டிவிட்டார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய், "டிரைவர் மாமா ரோட்டுல வாந்தி எடுத்தாங்க," என்று சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த யாரோ கணையம் என்ற சொல்லைக் கொண்டுபோயிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் கணையம் என்றால் ஒரே அர்த்தம்தான். பள்ளிக்கூடத் தாளாளர் மேடம் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். நல்ல மாதிரிதான் பேசினார்.

"நீங்க குடிக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் கருப்பையா. ஆனா தாய்மாருங்க கேக்குறாங்க. அன்னிக்கு வண்டி ஓட்டுறப்பவே போதையில இருந்தாரான்னு ஒருத்தர் கேட்டுட்டாங்க. டாக்டர் என்ன காரணம் சொல்றாங்களோ அதை நீங்க வந்து எனக்குச் சொல்லணும். அதுவரைக்கும் வேற ஆளு ஓட்டட்டும்."

ஸ்டியரிங்கைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகளுக்கும் என் சம்பளம்தான். குடித்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றினான் என்று ஒரு பள்ளிக்கூடம் விலக்கினால், அப்புறம் எந்தப் பள்ளிக்கூடமும் சாவியைக் கையில் கொடுக்காது.

என் அக்கா பஞ்சவர்ணம் குளத்தூரிலிருந்து வந்து ஆஸ்பத்திரியிலேயே தங்கியது. எனக்குத் தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்த அக்கா. ஆனால் வாய் பொல்லாதது. "வீட்டுல நல்லதாப் பொங்கிப் போட்டா ஆம்பள எதுக்குக் கடைப் பக்கம் ஒதுங்குறான்," என்று வளர்மதியின் காதுபடவே சொன்னது. அன்று சாயங்காலம் அக்கா கீழே டீ குடிக்கப் போனபோது வளர்மதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் கோவிச்சுக்க மாட்டேன். டாக்டரம்மாட்ட மட்டும் உள்ளதைச் சொல்லிருங்க. அவுகளுக்குத் தெரிஞ்சாத்தானே வைத்தியம் பாக்க முடியும்."

"நீயுமா வளரு?"

"அண்ணே ஒங்க வேன் சீட்டுக்கு அடியில பாட்டில் இருக்கான்னு பாத்துச்சு. ஒண்ணும் இல்லையாம்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் பாக்கச் சொன்னேன்."

கல்யாணமான நாளிலிருந்து என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறவள். என் சட்டையைத் துவைக்கிறவள், வாசம் தெரியாதா? எனக்கு வந்த ஆத்திரத்தில் குளுக்கோஸ் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. தாங்கியை உருட்டிக்கொண்டு வராண்டாவில் போய் நின்றேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபோது கன்னம் ஒட்டி, கண் குழிந்து, அசல் குடிகாரனாகத்தான் இருந்தேன்.

வலி குறைந்து, லிபேஸ் இறங்கி, குழாயை எடுத்தார்கள். இளநீர், கஞ்சித் தண்ணீர் என்று ஆரம்பிக்கலாம் என்ற அன்று டாக்டரம்மா ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். அக்கா அப்போது அறையில் இல்லை. வளர்மதி முதலில் அவரிடம் கேட்டது, "மேடம், பால் குடுக்கலாமா?" என்றுதான்.

"அது இருக்கட்டும். கால்சியம் ஏறியிருக்கு," என்றார் டாக்டரம்மா. "கணையம் இப்படி வீங்குனா ரத்தத்துல கால்சியம் கொறையணும். இவருக்கு மொத நாள் கொறையாம அளவா இருந்துச்சு. இப்ப வீக்கம் வத்த வத்தக் கூடுது. கிட்னியிலயும் பொடிக்கல்லு. கழுத்துல ஒரு சுரப்பி கெட்டாலும் இப்படி ஏறும். அதைப் பாக்குறதுக்கு முன்னாடி கேக்குறேன், எதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"இல்ல மேடம்," என்றேன். இதே கேள்விக்கு இதே பதிலை முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நாட்டு மருந்து, லேகியம், டானிக்?"

"மருந்துன்னு ஒண்ணும் இல்லீங்க மேடம்," என்று வளர்மதி முந்திக்கொண்டாள். "சத்துப் பவுடர்தான். ராத்திரிப் பால்ல கலந்து தெனமும் குடுக்குறேன். ஒரு நாள் விட்டதில்லீங்க."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. புருஷனைக் கவனிக்காதவள் என்று அக்கா சொன்ன சொல்லுக்கு அதுதான் அவளிடம் இருந்த பதில். பையைத் துழாவி ஒரு சின்னப் பொட்டணத்தை எடுத்து நீட்டினாள். பால் குடிக்கச் சொன்னதும் கலந்து கொடுக்கலாம் என்று தயாராகக் கொண்டுவந்திருந்தாள்.

டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாருக்கு எழுதிக் குடுத்தது?"

"எனக்குத்தாங்க. கை கால் கொடைச்சல்னு காட்டுனப்ப எழுதுனாங்க."

"எப்படிச் சாப்பிடச் சொன்னாங்க?"

"வாரத்துக்கு ஒண்ணு."

"இவருக்கு?"

"அது எனக்குச் சொன்னதுங்க, நான் வீட்டோட கெடக்குறவ. இவுக நாள் பூரா கிளச்ச மிதிக்கிறவுக. முட்டி வலிக்குதுன்னு சொன்னாக. அதான் தெனமும். பொங்கலுக்கு ஆரம்பிச்சது."

இப்போது கோடை முடிந்துவிட்டிருந்தது.

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னால்தான் இது புரியும். மீன் வாங்கினால் நடுத்துண்டு என் தட்டுக்கு வரும். பாலில் ஆடை எனக்கு. தலைத் தீபாவளியிலிருந்து இப்படித்தான், நான் கேட்டதுமில்லை, வேண்டாமென்றதுமில்லை. டாக்டர் அவளுக்கு எழுதிய சத்தும் அதே வழியாக என் டம்ளருக்கு வந்துவிட்டது. எழுதிக் கொடுத்தது தீர்ந்ததும் வெறும் பொட்டணத்தை மருந்துக்கடையில் காட்டி வாங்கியிருக்கிறாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தானே வாங்குகிறோம். எனக்குத் தெரியாமலும் கொடுக்கவில்லை. இனிப்பாக இருக்கும், குடித்துவிட்டுப் படுப்பேன். ஊசியும் மாத்திரையும்தான் மருந்து, பாலில் கலப்பது மருந்தா என்ன?

அது வைட்டமின் டி. வெயில் பட்டால் தோலில் உண்டாகிற சத்து. புதுக்கோட்டை வெயிலில் வெந்துகொண்டிருக்கிறவனுக்கு வெயில் சத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறாள் என்று இப்போது சிரிக்கிறேன், அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. குறைவாக இருக்கிறவர்களுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் வேறு சில சத்துகளைப் போல, மிஞ்சியது சிறுநீரில் வெளியே போய்விடாது. கொழுப்பில் சேர்ந்து தங்கிவிடும். தங்கித் தங்கிச் சாப்பாட்டில் இருக்கிற கால்சியத்தையெல்லாம் ரத்தத்துக்கு இழுக்கும். ரத்தத்தில் கால்சியம் மிஞ்சினால் சிறுநீரகத்தில் படியும், கணையத்தையும் சீண்டிவிடும். அபூர்வமான காரணம், ஆனால் இருக்கிற காரணம். அதன் அடையாளங்கள் இரண்டு மாதமாகவே இருந்திருக்கின்றன: எனக்குத் தீராத தாகம், நடுவழியில் வண்டியை நிறுத்திச் சிறுநீர் கழிக்க ஓடுவேன், மலச்சிக்கல், காரணமில்லாத சோர்வு. சோர்வாக இருக்கிறது என்றதால் அவள் ஆடையோடு பாலைக் கூடுதலாக ஊற்றினாள். ரத்தத்தில் வைட்டமின் அளவு பார்த்தார்கள். கருவி காட்டக்கூடிய எல்லையைத் தாண்டியிருந்தது.

"நீங்க கெட்டது நெனச்சுச் செய்யல," என்று டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டார். "நிறுத்திட்டா இறங்கிரும். கொஞ்ச மாசம் ஆகும். பாலு, தயிரு, கேப்பை, நெத்திலி வேணாம்."

வளர்மதி தலையாட்டினாள். அவர் போன பிறகு வாசல் பக்கம் போய், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது இரக்கமில்லை. என் சீட்டுக்கு அடியில் தேடச் சொன்னவள், விஷத்தை அவள் கையாலேயே கலந்திருக்கிறாள் என்ற கோபம்தான். வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. அந்நேரம் பார்த்து அக்கா பஞ்சவர்ணம் வெந்நீர்ப் பிளாஸ்க்கோடு உள்ளே வந்தது.

"டாக்டரம்மா வந்துட்டுப் போச்சாமே. என்னத்தச் சொல்லுச்சு தம்பி?"

ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என் பெயர் அந்த நிமிஷமே வெளுத்துவிடும். அக்கா கீழே இறங்குவதற்குள் குளத்தூர் முழுக்கச் செய்தி போய்விடும். ஆனால் என்ன செய்தியாகப் போகும் என்றும் எனக்குத் தெரியும். பெண்டாட்டி பாலில் எதையோ கலந்து கொடுத்துப் புருஷனைச் சாகக் கிடத்திவிட்டாள் என்றுதான் போகும். வைட்டமின், வாரம் ஒன்று என்பதெல்லாம் கீரனூர் தாண்டுவதற்குள் உதிர்ந்துவிடும். கதவைப் பிடித்திருந்த வளர்மதியின் கை விரல்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. பஞ்சில் நனைத்து உதட்டில் ஒற்றிய விரல்கள்.

"காரணம் தெரியலையாம்க்கா. செல பேருக்குச் சும்மாவே வருமாம்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தது. "சும்மா வருமாக்கும். போகட்டும், இனிமேலாச்சும் அந்தக் கருமத்தத் தொடாத," என்று பிளாஸ்க்கைத் திறந்தது. குடிகாரன் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

வீடு வந்து சேர்ந்தோம். காப்பீட்டு அட்டை போக மிச்சத்துக்கு வளர்மதியின் வளையல்கள் போயின. அதை அவள் ஒரு பேச்சாகவே எடுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டில் ஒவ்வொன்றையும் என்னைக் கேட்டுத்தான் வைத்தாள். ரசம் ஊற்றக்கூட, "இது ஊத்தலாமா?" என்று கேட்பாள். ஊற்றிவிட்டு நான் விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நடக்கத் தெம்பு வந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தாளாளர் மேடம் உட்காரச் சொன்னார்.

"டாக்டர் என்ன காரணம் சொன்னாங்க?"

"தெரியலைன்னுட்டாங்க மேடம்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "கருப்பையா, தெரியலைங்கிறத நான் தாய்மாருங்ககிட்ட எப்படிச் சொல்றது? இந்த வருஷம் ஓய்வா இருங்க. அடுத்த வருஷம் பாப்போம்."

வெளியே என் வேன் நின்றது. கழுவாமல் புழுதியோடு கிடந்தது. பக்கத்தில் போகாமல் வந்துவிட்டேன். வீட்டில் முற்றத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். வளர்மதி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாக?"

"அடுத்த வருஷம் பாக்கலாமாம்."

"நீங்க காரணத்தச் சொல்லலையா?"

"தெரியலைன்னு சொன்னேன்."

முறத்தைக் கீழே வைத்தாள். "ஏன் சொல்லல?"

"சொன்னா அக்கா ஒன்னைய ஊருல தலைகாட்ட விடாது. என்னையவாச்சும் குடிகாரன்னுதான் சொல்லுவாங்க. ஒன்னைய என்னன்னு சொல்லுவாங்கன்னு நெனச்சுப் பாரு."

அவள் மறுபடி முறத்தை எடுத்தாள். புடைத்ததையே திரும்பப் புடைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். காலையில் வளர்மதி குளித்து, பட்டுக்கரைச் சேலை கட்டி, வெறுங்கையோடு வந்து நின்றாள். "கெளம்புங்க," என்றாள். எங்கே என்று கேட்டதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

பள்ளிக்கூட வராண்டாவில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேருடைய பிள்ளைகள் என் வண்டியில் வருகிறவர்கள். எங்களைக் கண்டதும் பேச்சு நின்றது. தாளாளர் மேடம் அறையிலிருந்து எழுந்து வந்தார். நான் வளர்மதியின் முழங்கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள்.

"மேடம், இவுகளுக்குக் காரணம் தெரியும். என்னைய விட்டுக்குடுக்க மனசில்லாமச் சொல்லல. இவுக குடிக்கல. எனக்கு டாக்டரு எழுதுன வைட்டமின் பொட்டணத்த நான் இவுகளுக்குக் குடுத்தேன். வாரத்துக்கு ஒண்ணுங்கிறதத் தெனத்துக்கு ஒண்ணாக் குடுத்தேன். அதுலதான் கணையம் வீங்கிப்போச்சு. ஒங்களுக்குச் சந்தேகம்னா டாக்டரம்மாட்ட நீங்களே கேளுங்க." வரிசையில் இருந்த பெண்கள் பக்கம் திரும்பினாள். "நான்தான் செஞ்சேன். நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சேன். இவுக கையில புள்ளைங்களக் குடுக்க யாரும் பயப்பட வேணாம்."

பின்வரிசையில் ஒரு பெண் மெதுவாகக் கேட்டார். "தெனமும் குடுக்கக் கூடாதாக்கா? எங்க வீட்டுலயும் எங்க மாமாவுக்கு அப்படித்தான் குடுக்குறேன்."

"நிப்பாட்டுங்க. இன்னிக்கே நிப்பாட்டுங்க," என்றாள் வளர்மதி.

தாளாளர் மேடம் என்னிடம் நம்பர் வாங்கி அங்கேயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். என்ன ஏது என்று எங்களுக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்து, "திங்கக்கிழமை வந்துருங்க கருப்பையா," என்றார். ஒரு தாய் என் பக்கம் திரும்பி, "ஒடம்பு இப்பப் பரவாயில்லையாண்ணே?" என்று விசாரித்தார். இத்தனை நாளில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் கூட்டமில்லை. வளர்மதி ஜன்னலோரம் உட்கார்ந்து சேலைக் கரையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பொம்பளைங்க என்னைய எப்படிப் பாத்தாக தெரியுமா?"

"எப்படி?"

"இம்புட்டு நாளா ஒங்களைப் பாத்த மாதிரி."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

"பாத்துட்டுப் போறாக," என்றாள். "நீங்க வண்டிய ஓட்டுங்க."